உடம்புக்கு முடியலீங்க, தொர!

கேமரன் மலைக்குப் பேர் கொடுத்தவரே ஒரு மழுப்பல் ஆசாமி. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்து, மலைக்கு மேலே அருமையான சமவெளி ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். சுற்றிலும் சிகரங்கள், நடுவில் இதமான சரிவுகள். எல்லாம் சொன்னவர், அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வரைபடத்தில் குறிக்கவில்லை. படம் வரைவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர்! பிறகு நாற்பது வருஷம் கழித்து, 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறிப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க இது தோதான இடம் என்று முடிவு கட்டினார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். 'போ' என்று பேர் வைத்த தோட்டத்துக்கு 'வா' என்று ஆள் சேர்த்தார்கள். நம்மாட்களும் மூட்டை முடிச்சோடு மலையேறினார்கள்.

அன்றிலிருந்து இந்த மலையில் எதுவுமே தெளிவாக இருந்ததில்லை. பாதி நாள் மூடுபனி. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் மூன்லைட் பங்களாவிலிருந்து காலாற நடக்கப் போனார். இன்னும் வரவில்லை.

ஆகவே, பெரிய பெரிய காற்பந்துக் கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரருக்கு எங்கே அடி, என்ன அடி, எப்போது திரும்புவார் என்று ஏன் வாயைத் திறந்து சொல்வதில்லை என்ற கேள்வியை லண்டனிலோ மாட்ரிட்டிலோ கேட்பது வீண். ரிங்லெட்டிலிருந்து கீழே இறங்கி லெம்பா பெர்த்தாமுக்கு வந்து கேட்க வேண்டும். இப்போது அங்கே பார்த்த இடமெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டமும் பூத்தோட்டமும்தான். ஆனால் மேலே தேயிலைக்காட்டில் பேர் பதிந்திருந்த குடும்பங்களின் பெரிசுகள் யாராவது கடையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கலையில் அவர்கள் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

பழைய பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். விடிந்தும் விடியாத நேரம். பல் கிட்டும் குளிர். தண்டல் பேர் கூப்பிடுகிறார். சின்னத் துரை கால்சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். துரைமாருக்குத் தமிழ்ப் பரீட்சையெல்லாம் வைத்த காலம் அது. எனவே தமிழில்தான் அதட்டுவார்.

"ஏன் நேத்து வேலைக்கு வரல?"

"உடம்புக்கு முடியலீங்க, தொர."

"என்ன செய்யுது?"

"ஒரு மாதிரியா இருந்துச்சுங்க."

"இப்போ?"

"பரவால்லீங்க."

உலகத்தின் எந்தக் கிளப்பும் இதைவிடக் கச்சிதமான அறிக்கை வெளியிட்டதில்லை. எந்த உறுப்பு என்று கிடையாது. காரணம் கிடையாது. எத்தனை நாள் என்று கிடையாது. பொய் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் இதில் மெய் என்று எதுவுமே சொல்லப்படவில்லை. துரைக்குத் தமிழ் இலக்கணம் தெரியும். இதற்கு உரை எழுதத் தெரியாது.

ஏன் இந்த மழுப்பல்? முதுகு போய்விட்டது என்று தெளிவாகச் சொன்னால், கூடை சுமக்க லாயக்கில்லாதவன் என்று ஆகிவிடும். அப்புறம் பேர் வெட்டு. கள்ளுக்கடையில் விழுந்தேன் என்று சொன்னால் அரைநாள் சம்பளமும் முழுநாள் மானமும் போகும். உடம்பை வைத்துப் பிழைக்கிறவன் உடம்பின் கணக்குப் புத்தகத்தை முதலாளி முன்னால் விரித்துக் காட்டமாட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கும் இது நன்றாகத் தெரியும். அவர் கையிலும் எல்லா வியாதிக்கும் ஒரே கலர் தண்ணிதான் இருந்தது. மழுப்பலுக்கு மழுப்பலே மருந்து.

அந்தத் தோட்டங்களில் காற்பந்தும் உண்டு. மலை நாட்டில் சமதரை கிடைப்பது அபூர்வம். திடலின் ஒரு கோல் கம்பம் இன்னொன்றைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருக்கும். கோல்கீப்பர் தவறவிட்ட பந்து தேயிலைச் செடிக்குள் இறங்கினால், பொடியன்கள் நாலு பேர் போய்த் தேடிக்கொண்டு வரும் வரை ஆட்டம் நிற்கும். இந்தத் திடல்களைச் சுற்றி ஒரு கதை உலவுகிறது. உண்மையா என்று கேட்டால் சொன்னவர் கோபித்துக்கொள்வார், அதனால் கேட்காமல் எழுதுகிறேன்.

அடுத்த தோட்டத்தோடு ஆட்டம். நம்ம சென்டர் ஃபார்வர்டுக்கு இடது கால் சுளுக்கு. பாட்டி எண்ணெய் போட்டு உருவியும் இறங்கவில்லை. கோடாலித் தைலம் ஒரு புட்டி காலி. எதிரணி பேக் ஆட்டக்காரன் காலைப் பார்த்து ஆடுகிறவன், பந்தை அல்ல. நம்மாள் யோசித்தார். வலது காலில், நல்ல காலில், பட்டையாகக் கட்டுப் போட்டுக்கொண்டு, லேசாக நொண்டியபடி திடலுக்குள் இறங்கினார். எதிரணிக்காரன் கட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தான். தொண்ணூறு நிமிஷமும் வலது காலையே குறிவைத்து உதைத்தான். இடது கால் பத்திரம். ஆட்டம் டிரா. திங்கட்கிழமை பெரட்டில் பெரிய துரை கேட்டார்: "எந்தக் கால்?" அன்றைக்குத்தான் அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான மருத்துவ அறிக்கை கொடுத்தார்: "ரெண்டும்தாங்க, தொர."

அறிக்கையைத் துல்லியமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இன்னும் பின்னால் போக வேண்டும். நம் மூதாதையர் இந்த விஷயத்தில் படு மக்கு. காயத்தை மறைப்பதாவது! மார்பில் பட்டால் விழுப்புண், ஊர்வலமே விடுவார்கள். முதுகில் பட்டால் மானக்கேடு. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு மோதினான் பெருஞ்சேரலாதன். கரிகாலன் விட்ட வேல் மார்பில் நுழைந்து முதுகு வழியே வெளியே வந்துவிட்டது என்பார்கள். இப்போது இது மார்புக் காயமா, முதுகுக் காயமா? நுழைந்த வாசல் கணக்கா, வெளியேறிய வாசல் கணக்கா?

அமெரிக்கா, கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகள் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கின்றன. அவர்களிடம் காயம் இரண்டே வகை: மேல் உடம்பு, கீழ் உடம்பு. தாடை நொறுங்கினாலும் மேல் உடம்பு, சுண்டுவிரல் பிசகினாலும் மேல் உடம்பு. அந்த அணி மேலாளர் ஒருவர் சேரன் பாசறையில் இருந்திருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார்: "மன்னருக்கு மேல் உடம்பில் காயம், நாளுக்கு நாள் கவனித்து வருகிறோம்." சேரனிடம் அப்படி ஆள் இல்லை. புறப்புண் பட்டுவிட்டதே என்று நாணி, கையில் வாளோடு வடக்கிருந்து உயிரை விட்டான். கழாத்தலையார் அதைப் பாட்டாக்கினார். வெண்ணிக் குயத்தியாரோ வென்ற கரிகாலனிடமே, தோற்றவன்தான் உன்னைவிட நல்லவன் என்று பாடிவிட்டுப் போனார். ஆட்ட நாயகன் விருது தோற்ற அணிக்கு.

காயச் செய்தி கசிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கும் புறநானூற்றில் சாட்சி உண்டு. உன் மகன் புறமுதுகு காட்டிச் செத்தான் என்று யாரோ புரளி கிளப்ப, நரம்பு தெறித்த கிழவி ஒருத்தி வாளைத் தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்கே கிளம்பிவிட்டாள். கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மகன் சிதைந்து கிடந்த கோலத்தைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்தாள் என்கிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். புரளியை நேரில் போய்ச் சரிபார்த்த அந்தக் கிழவியின் கால் தூசுக்கு இன்றைய விளையாட்டு நிருபர்கள் பெறமாட்டார்கள்.

சோழர்கள் பிற்காலத்தில் கொஞ்சம் தேறினார்கள். விஜயாலயனுக்குத் தொண்ணூற்றாறு விழுப்புண் என்று உலாப் பாடல்கள் கணக்குச் சொல்கின்றன. எண்ணிக்கை துல்லியம், இடம் மட்டும் வெளியே வரவில்லை. முழுசாக நூறு என்று சொல்லியிருந்தால் எவனும் நம்பியிருக்கமாட்டான், நாலைக் குறைத்ததில்தான் கெட்டிக்காரத்தனம். கல்கியின் கதையில் அதே கிழவர், கால் இரண்டும் விளங்காமல், வீரர் இருவரின் தோளில் ஏறித் திருப்புறம்பியம் களத்தில் இறங்கி வாள் வீசுகிறார். பயிற்றுநர் மொழியில் சொன்னால், முழுத் தகுதி இல்லை, ஆனால் தேவைப்பட்டால் கடைசி இருபது நிமிஷம் ஆடுவார்.

ஆனால் மழுப்பலின் அருமையைக் கூத்துக்காரர்கள் சொல்வதுபோல் யாரும் சொன்னதில்லை. காந்தாரி, மகன் துரியோதனனைப் பிறந்த மேனியாக வரச் சொல்கிறாள். கண்கட்டை அவிழ்த்து ஒரு பார்வை பார்த்தால் உடம்பு இரும்பாகிவிடும். வழியில் கண்ணன் மறித்து, வளர்ந்த பிள்ளை இப்படியா அம்மா முன்னால் போவாய் என்று கிண்டலடிக்க, இவன் இடுப்பில் வாழை இலையைச் சுற்றிக்கொள்கிறான். தொடை மட்டும் சதையாகவே நிற்கிறது. அந்தப் பலவீனம் உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் எதிரணியின் தேர்ப்பாகன். கடைசி கதைப் போரில் பீமன் மூச்சு வாங்கும்போது, கண்ணன் ஓரத்தில் நின்று தன் தொடையைத் தட்டிக் காட்டினான். அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே அடிப்பது விதிமீறல் என்று பலராமன் கொதித்தார். ஆட்டம் முடிந்த பிறகு கொதித்து என்ன?

புராணம்தானே என்று ஒதுக்கவேண்டாம். 2012 ஜனவரியில், அமெரிக்கக் காற்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்றுநர் கிரெக் வில்லியம்ஸ், ஆட்டத்துக்கு முன்னால் தன் ஆட்டக்காரர்களிடம் எதிரணியில் யாருக்கு எங்கே பழைய காயம் என்று உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொன்னார். இவனுக்கு முன்பே தலையில் அடிபட்டிருக்கிறது, அங்கே போடு, அவனுக்கு முழங்கால். பேச்சு ஒலிநாடாவில் பதிவாகி வெளியே வந்துவிட்டது. எதிராளியை ஸ்ட்ரெச்சரில் அனுப்பினால் ஆயிரம் டாலர் என்று அந்த அணிக்குள் இனாம் முறையே இருந்திருக்கிறது. வில்லியம்ஸுக்குத் தடை, தலைமைப் பயிற்றுநருக்கு ஒரு பருவம் முழுக்கத் தடை. துவாபர யுகத்தில் ஒலிநாடா இல்லாதது கண்ணனுக்கு யோகம்.

ஆக, முதல் காரணம் சுலபம்: எங்கே வலிக்கிறது என்று சொன்னால் அங்கேயே அடிப்பான். ஹங்கேரியின் ஃபெரெங்க் புஷ்காஷுக்கு 1954 உலகக் கிண்ண முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியின் லீப்ரிக் கணுக்காலைப் பதம் பார்த்தார். அந்த ஆட்டத்தில் ஹங்கேரி 8–3 என்று அடித்து நொறுக்கியது. ஆனால் கணுக்கால் கணுக்கால்தான். இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனி. ஊருக்கெல்லாம் தெரிந்த காலோடு இறங்கி ஆறாவது நிமிஷத்திலேயே கோல் அடித்தார் புஷ்காஷ். முடிவில் 3–2, கிண்ணம் ஜெர்மனிக்கு.

இங்கிலாந்துக்காரர்கள் இதிலிருந்து எதையும் கற்கவில்லை என்பது 2002-இல் தெரிந்தது. ஏப்ரலில் டேவிட் பெக்கமின் இடது பாதத்தில் ஓர் எலும்பு முறிந்தது. அதுவரை அந்தத் தேசத்தில் மருத்துவர்களைத் தவிர யாரும் கேள்விப்படாத அந்த எலும்பின் பேர், ஒரே வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் புரண்டது. 'தி சன்' பத்திரிகை பாதத்தின் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. கரண்டி வளைக்கும் யூரி கெல்லர் சொற்படி வாசகர்கள் அதன்மேல் கை வைத்து வேண்டினார்கள். நம் ஊரில் பிள்ளைக்கு மந்திரித்தால் மூடநம்பிக்கை; அங்கே தேசபக்தி. வேண்டுதல் பலித்து பெக்கம் ஜப்பான் போனார். காலிறுதியில் பிரேசிலோடு, இடைவேளைக்குச் சற்றுமுன், கோட்டோரத்தில் இரண்டு பேர் கால் நீட்டி வந்தபோது பெக்கம் துள்ளி விலகினார். பந்து பிரேசில் வசம் போனது. சில நொடிகளில் ரிவால்டோ கோல். எலும்பு தப்பியது, இங்கிலாந்து தப்பவில்லை. அந்தக் கால் முழுப் பூமிக்கும் தெரிந்த காலாக இல்லாவிட்டால் துள்ளியிருப்பாரா என்பதை ரிங்லெட் கடைகளில் இன்றைக்கும் விவாதிக்கலாம். ஒரு தே தாரிக்குக்குத் தாங்கும்.

சரி, வாயை மூடிக்கொண்டால் பிழைத்தோமா என்றால் அதுவும் இல்லை. 1998 ஜூலை 12, பாரிஸ், உலகக் கிண்ண இறுதியாட்டம். பிரேசில் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலில் ரொனால்டோவைக் காணோம், எட்முண்டோவின் பேர் இருக்கிறது. ரொனால்டோ! வர்ணனையாளர்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்க்கிறார்கள். கணுக்கால் என்றார்கள் சிலர். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பட்டியல் வருகிறது, இதில் ரொனால்டோ இருக்கிறார். மத்தியானம் விடுதி அறையில் அவருக்கு வலிப்பு வந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆள் திடலில் நடமாடினார், ஆடினார் என்று சொல்ல முடியாது, பிரான்ஸ் 3–0. சொல்லாமல் விட்ட வெற்றிடத்தில் மூட்டை மூட்டையாகக் கதைகள் வந்து விழுந்தன: விஷம் வைத்தார்கள், காலணிக் கம்பெனி வற்புறுத்தியது, கிண்ணத்தையே விற்றுவிட்டார்கள். கடைசியில் பிரேசில் நாடாளுமன்றமே விசாரணை நடத்தி, ரொனால்டோவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. மருத்துவ அறிக்கையில் ஒரு வரி குறைந்தால் ஜனங்கள் ஒரு புராணம் எழுதிவிடுவார்கள். 2016-இல் சென்னை ஆஸ்பத்திரி வாசலில், முதலமைச்சருக்குக் காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் என்று தொடங்கிய அறிக்கைகளை எழுபத்தைந்து நாள் படித்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இட்லி சாப்பிட்டார் என்று சொன்னது பொய் என்று ஓர் அமைச்சரே மறுவருஷம் மேடையில் சொன்னார். பிரேசிலில் இட்லி கிடையாது; அதனால் அவர்கள் கதை கொஞ்சம் சுவை மட்டுதான்.

இரண்டாவது காரணம் சூதாட்டம். இதில் மலேசியர்களான நாம் அடக்கத்தோடு தலை குனிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இது நம் ஏற்றுமதித் துறை. 1997 நவம்பரில் லண்டனில் வெஸ்ட் ஹாம் ஆடிக்கொண்டிருந்தபோது 2–2 என்று சமமான கையோடு திடல் விளக்குகள் அணைந்தன. டிசம்பரில் விம்பிள்டன், ஆர்சனல் ஆட்டத்திலும் அதே இருட்டு. மின்சார வாரியத்தைத் திட்டியவர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சார்ல்டன் அரங்கத்தில் மூன்றாம் முறை கைவைக்கப் போனபோது போலீஸ் பிடித்தது. பின்னணியில் மலேசியச் சூதாட்டக் கும்பல். அன்றைய ஆசியச் சூதாட்டக் கணக்கில், இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு ஆட்டம் நின்றால் நின்றபோது இருந்த கோல் கணக்கே முடிவு. அதனால் தோதான கோல் கணக்கு வந்ததும் சுவிட்சைத் தட்டினால் போதும். ஆட்டக்காரரை விலை பேசும் தொல்லைகூட வேண்டாம். அதை 1994-இல் உள்ளூரிலேயே செய்து பார்த்து, கூண்டோடு விசாரணைக்குப் போய், நம் காற்பந்துக்கே பேர் வெட்டு விழுந்தாயிற்று. விளக்கு சுவிட்சுக்கே இந்த மதிப்பு என்றால், சனிக்கிழமை கோல் அடிக்க வேண்டியவனின் தொடைத் தசை கிழிந்திருக்கிறது என்ற தகவலுக்கு என்ன மதிப்பு? டிரெஸ்ஸிங் அறையில் துண்டு மடிக்கிறவரைக்கூட விலைக்கு வாங்குவார்கள்.

அமெரிக்கர்கள் இதற்கு நேர்மாறாக யோசித்தார்கள். 1946 இறுதியாட்டத்துக்கு முன்னால் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு லஞ்சப் பேரம் நடந்தது அம்பலமானதும், தொழில்முறை லீக்கின் ஆணையர் பெர்ட் பெல், எல்லாக் காயத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிடு, ரகசியம் இருந்தால்தானே விற்பான் என்று 1947-இல் காய அறிக்கையைக் கட்டாயமாக்கினார். நல்ல திட்டம். அணிகள் இரண்டே வருஷத்தில் பெரட்டுக் களத்துத் தமிழைக் கற்றுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். டாம் பிராடி என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் பேர் வாரா வாரம், வருஷக் கணக்காக, 'வலது தோள்பட்டை. ஆடக்கூடும்' என்று அறிக்கையில் வந்தது. வாரா வாரம் ஆடினார். விதி கேட்டது, பதில் கொடுத்தாயிற்று. உண்மையாகவே கைத்தசை கிழிந்த பிரெட் ஃபாவ்ரின் பேரை 2008-இல் மறைத்ததற்காக நியூயார்க் ஜெட்ஸ் தரப்புக்கு மொத்தம் 1,25,000 டாலர் அபராதம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அந்தத் தொல்லையும் கிடையாது. பயிற்றுநர் வாயில் வந்ததே வேதம்.

மூன்றாவது காரணத்தைத்தான் கிளப்புகள் வெளியே சொல்வதில்லை: விலை. ஆட்டக்காரன் கிளப்பின் சொத்து. சொத்தில் விரிசல் இருக்கிறது என்று சந்தையில் யார் கூவுவார்? 2000 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட், ருட் வான் நிஸ்டல்ரோயை வாங்க ஐந்தோவன் கிளப்புக்குப் பல மில்லியன் பவுண்டு பேசி முடித்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கால் சரியில்லை என்று சந்தேகம் வந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆள் கல்லுக்குண்டு என்றது விற்கிற தரப்பு. ஆளும் பயிற்சியில் இறங்கினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. குதித்து இறங்கிய இடத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. அவர் போட்ட அலறலைத் தொலைக்காட்சியில் கேட்காதவர் இல்லை. ஒரு வருஷம் கழித்து, கால் தேறிய பிறகு, யுனைடெட் அவரையே 19 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது தனிக்கதை.

இங்கேதான் தோட்டமும் கிளப்பும் பிரிகின்றன. பெரட்டில் நின்றவர் தன் உடம்பைத் தன் துரையிடமிருந்து மறைத்தார். அது அவருக்கிருந்த ஒரே சொத்து. கிளப்பிலோ துரையே மறைக்கிறார். தசையை ஸ்கேன் செய்து, தூங்கிய நேரத்தை எண்ணி, ஓடிய மீட்டரை அளந்து, ஆட்டக்காரனின் உள்ளுறுப்புவரை கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டு, வெளியே வந்து "சிறு அசௌகரியம்" என்கிறார். மருத்துவ ரகசியம், தனிமனித உரிமை என்று கோட்டு சூட்டோடு பேசுகிறார். அதே ஆட்டக்காரரை விற்கும் நாளில் அத்தனை ரகசியமும் கட்டு கட்டாக வாங்குகிறவர் மேசைக்குப் போகும். ரகசியம் காக்கப்படுவது டிக்கெட் வாங்குகிற நம்மிடமிருந்து மட்டும்தான்.

நோயாளியே தன் வாயை மூடிக்கொண்ட கதையும் இந்த நாட்டில் இருக்கிறது, அதை இந்தக் கேலியோடு சேர்க்க மனம் வரவில்லை. மொக்தார் டஹாரி. சிலாங்கூரின் 'சூப்பர்மோக்'. நாட்டுக்காக 89 கோல். 1975-இல் ஆர்சனல் இங்கே வந்து 2–0 என்று தோற்றபோது இரண்டும் இவர் காலிலிருந்து வந்தவை. எண்பதுகளின் கடைசியில் உடல் தளர்ந்தது. தசை நோய் என்று ஊர் நம்பியது. இயக்க நரம்புகளை அழிக்கும், மருந்தில்லாத நோய் என்பது அவருக்கும் மனைவிக்கும்தான் தெரியும். 1991 ஜூலை 11-இல், 37 வயதில் போய்விட்டார். இருபது வருஷம் ஆகப்போகிற நேரத்தில் வந்த ஆவணப்படம்தான் உண்மையைச் சொன்னது. 2018-இல் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கும் முதலில் 'சுவாசக் கோளாறு' என்றார்கள். இரண்டு மாதம் கழித்து மூக்குப் புற்றுநோய் என்று சங்கம் அறிவித்தது. இவர்கள் மறைத்ததில் எதிரணியும் இல்லை, சூதாடியும் இல்லை. நமக்குச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை.

இந்தக் காலத்தில் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று கழுத்தைப் பிடிக்கிறவர்கள் யாரென்றால், ஃபேன்டஸி லீக் விளையாடுகிறவர்கள். லெம்பா பெர்த்தாமில் காலையில் தக்காளி லோரி ஏற்றுகிற பையன் ராத்திரி இரண்டு மணிக்குப் பதினொரு கோடீஸ்வரர்களின் முதலாளி. அவனுடைய கேப்டனுக்குத் தொடையில் பிடிப்பாம். முன்தொடையா, பின்தொடையா? முதல் தரக் கிழிசலா, இரண்டாம் தரமா? பயிற்றுநரோ "கடைசி நேரத்தில் முடிவு செய்வோம்" என்று புன்னகைக்கிறார். பையன் கொதித்துப்போகிறான்: நாம காசு கட்டிப் பார்க்கிறோம், உள்ளதை உள்ளபடி சொல்றதுக்கு என்னவாம், என்ன ஏமாத்து வேலை இது! கேப்டன் ஆடவில்லை. பெஞ்சில் வைத்திருந்தவன் மூன்று கோல் அடித்தான். விடிய விடியத் தூக்கமில்லை.

காலையில் எம்சி எடுக்க கிளினிக் போனான்.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் டாக்டர்.

"மேல் உடம்பு, டாக்டர்" என்றான்.